வலையில் கிடைக்கும் பாடமும் மேசையில் கிடக்கும் மதர்போர்டும்

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு வயது 26. மார்த்தாண்டத்தில் ஒரு சர்வீஸ் கடையில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். இப்போது தக்கலை அருகே ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் கணினி பழுதுநீக்கம், அடிப்படை எலக்ட்ரானிக்ஸ், நெட்வொர்க்கிங் மூன்றையும் சேர்த்து ஆறு மாதப் படிப்பாக நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வேலை தெரியும்; பாடம் நடத்தத் தெரியாது. 18 மாணவர்கள், பெரும்பாலோர் தமிழ்வழியில் பிளஸ் 2 முடித்தவர்கள். ஆறு பழைய கணினிகளும் ஒரு ரவுட்டரும் இருக்கின்றன. மழை வந்தால் இணையம் போய்விடுகிறது. புத்தகத்துக்குப் பணம் ஒதுக்கவில்லை. இலவசப் பாடங்கள் எங்கே கிடைக்கும்? தமிழில் உண்டா? நகலெடுத்து மாணவர்களுக்குக் கொடுக்கலாமா? கருவிகள் இல்லாமல் நெட்வொர்க்கிங் எப்படி நடத்துவது? டிப்ளமோ மட்டும் படித்த நான் இந்த வேலையில் நிலைக்க முடியுமா?
– ஒரு வாசகி, கருங்கல்

பதில்:

அன்புள்ள சகோதரி,

வேலை தெரியும், பாடம் நடத்தத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தத் துறையில் நீண்ட காலம் பாடம் நடத்தியவன் நான். இதற்கு நேர்மாறானவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பாடம் மனப்பாடமாக இருக்கும், கேபினட்டைத் திறந்தால் கை தயங்கும். நான்கு ஆண்டுகள் கடை மேசையில் உட்கார்ந்து பழகிய கை உங்களுக்கு இருக்கிறது. அது எந்த இணையதளத்திலும் இறக்கிக்கொள்ள முடியாத சொத்து. பாடம் நடத்துவது பழக்கத்தில் வந்துவிடும்.

இலவசப் பாடத்துக்கு இன்று பஞ்சமில்லை. எதை எடுப்பது என்பதில்தான் தடுமாற்றம். இணையம் பரவலான புதிதில் கண்ணில் பட்டதையெல்லாம் இறக்கி ஒரு ஹார்டு டிஸ்க்கை நிரப்பினேன். அந்த ஆண்டு வகுப்பில் காணொளிகள் ஓடின, மாணவர்கள் பார்த்தார்கள், ஆண்டு முடிவில் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி ஒன்றைச் சோதித்துக் காட்டச் சொன்னபோது பாதிப் பேருக்கு மல்டிமீட்டரின் எந்த முனையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர்களுக்கு நான் இழைத்த குறை அது. அதன்பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: ஒவ்வொரு பாடமும் மேசைமேல் கிடக்கும் ஒரு பழுதில் தொடங்க வேண்டும், அந்தப் பழுதுக்கு விடை தேடிப் போகும் இடமாக மட்டுமே இலவசப் பாடம் இருக்க வேண்டும். கீழே சொல்வது எல்லாவற்றையும் இந்த வரிசையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாடத்திட்டத்துக்கு ஒரு முதுகெலும்பு வேண்டும். அதற்கு வெளிநாடு போக வேண்டாம். சென்னை கிண்டியில் இருக்கும் தேசியப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனத்தை எல்லோரும் நிமி என்றுதான் சொல்வார்கள். நாடு முழுவதும் ஐடிஐகளில் நடத்தப்படும் பாடப்புத்தகங்களைத் தயாரிப்பது அதுதான். தமிழிலும் வெளியிடுகிறது. மத்திய அரசின் பாரத் ஸ்கில்ஸ் தளத்தில் ஐடிஐ தொழிற்பிரிவுகளுக்கான பாடத்திட்டம், மின்னூல், வினா வங்கி, காணொளி ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். எலக்ட்ரானிக் மெக்கானிக், கணினி வன்பொருள் மற்றும் நெட்வொர்க் பராமரிப்பு ஆகிய இரண்டு பிரிவுகளையும் திறந்து, செய்முறைப் பயிற்சிகளின் பட்டியலை மட்டும் முதலில் படியுங்கள். உங்கள் ஆறு மாதத்துக்குத் தேவையானதை அதிலிருந்து பொறுக்கி எடுத்தாலே போதும். கோணம் ஐடிஐயில் படித்த பழைய மாணவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவருடைய செய்முறைப் பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். ஒரு பயிற்சியை எப்படி எழுத வைப்பது என்பதை அச்சிட்ட பக்கத்தைவிட அது நன்றாகக் காட்டும்.

இரண்டாவதாக, கணினிப் பராமரிப்பு வேலைக்கான சர்வதேசச் சான்றிதழ்த் தேர்வான காம்ப்டியா ஏ பிளஸ்ஸின் பாடக்குறிப்பை இறக்கிக்கொள்ளுங்கள். தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டும்; எதையெல்லாம் கேட்பார்கள் என்ற பட்டியல் இலவசம். இப்போது நடப்பிலிருப்பது 220-1201, 220-1202 என்ற இரண்டு தாள்கள். புரொபசர் மெசர் என்ற பெயரில் யூடியூபில் இருக்கும் காணொளிகள் அந்தப் பட்டியலை வரி வரியாக விளக்குகின்றன, அவையும் இலவசம். ஆங்கிலத்தில் இருப்பதால் அவற்றை மாணவர்களுக்குப் போட்டுக்காட்டாதீர்கள். முந்தின நாள் இரவு நீங்கள் பார்த்துவிட்டு, மறுநாள் உங்கள் வாயால் சொல்லுங்கள்.

அந்தப் பட்டியலில் நான் மிகவும் மதிப்பது பழுது கண்டுபிடிக்கும் ஆறு படிகளைத்தான். புகாரைத் தெளிவாகக் கேட்பது, காரணம் இதுவாக இருக்கலாம் என்று ஊகிப்பது, ஊகத்தைச் சோதிப்பது, திட்டமிட்டுச் சரிசெய்வது, எல்லாம் ஓடுகிறதா என்று பார்ப்பது, கடைசியாக எழுதி வைப்பது. நம் கடைகளில் முதல் படியையும் கடைசிப் படியையும் விட்டுவிடுவார்கள். கடையில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்: வாடிக்கையாளர் பேசி முடிப்பதற்குள் திருப்புளி கைக்கு வந்துவிடும்.

இனி மேசைக்கு வருவோம். முதல் வாரத்திலேயே ஆன் ஆகாத ஒரு கணினியை நடுவில் வையுங்கள். எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறதா என்பதே கேள்வி. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு 24 பின் இணைப்பை மதர்போர்டிலிருந்து கழற்றுங்கள். மற்ற இணைப்புகளையும் கழற்றிவிட்டு ஒரு பழைய விசிறியை மட்டும் மாட்டுங்கள். பச்சைக் கம்பியின் துளையையும் அருகிலிருக்கும் கறுப்புக் கம்பியின் துளையையும் ஒரு சிறு கம்பித்துண்டால் இணைத்து மின்சாரம் கொடுத்தால் விசிறி சுழல வேண்டும். எல்லாக் கம்பியும் கறுப்பாக வரும் எஸ்எம்பிஎஸ்களில் நிறத்தை நம்ப முடியாது. 16-ஆவது பின்னை எண்ணிப் பிடிக்க வேண்டும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, அளப்பதற்கு முன்பே ஒவ்வொரு மாணவரையும் எதிர்பார்க்கும் எண்ணைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட். ஊதாவில் கணினி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் இருக்கும். 5 சதவீத ஏற்ற இறக்கம் ஏற்கத்தக்கது. ஆகவே மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை வரலாம். பிறகு இதைக் கேளுங்கள்: அளவு எல்லாம் சரியாக வந்துவிட்டது, அப்படியானால் எஸ்எம்பிஎஸ் நல்லதுதானா? ஆம் என்பார்கள். சுமை ஏறும்போது சரிந்துவிடும் எஸ்எம்பிஎஸ்ஸும் சும்மா ஓடும்போது சரியான அளவைக் காட்டும் என்று அப்போது சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் வோல்டேஜ், சுமை, மல்டிமீட்டர், ஊகம், சோதனை எல்லாம் அவர்கள் கை வழியாகப் போய்விடும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மாணவர்களைத் திறக்க விடாதீர்கள். 230 வோல்ட் ஏசி உள்ளே ஏறத்தாழ 325 வோல்ட் டிசியாக மாறி ஒரு பெரிய கெப்பாசிட்டரில் நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது இருக்கும். பாடம் நடத்த வந்த முதல் ஆண்டில் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை வரும். இதில் மட்டும் வேண்டாம்.

பயிற்சிக்குக் கணினிகள் போதாது என்று கவலைப்படுகிறீர்கள். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் எத்தனை வீட்டுப் பரணில் கிடக்கின்றன! பேட்டரி செத்தது, ஹிஞ்ச் உடைந்தது, ஹார்டு டிஸ்க் தேய்ந்தது என்று ஒதுக்கியவைதான். உங்கள் 18 பேரில் பலருடைய அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஒன்று கிடைத்திருக்கும். கொண்டுவரச் சொல்லுங்கள். பெரிய மடிக்கணினி நிறுவனங்கள் பல மாடல்களுக்குப் பழுதுநீக்கக் கையேட்டைத் தங்கள் தளத்திலேயே இலவசமாக வைத்திருக்கின்றன. எந்தத் திருகாணி எந்த நீளம், எந்த வரிசையில் கழற்றுவது என்று படத்தோடு இருக்கும். கையேடு இல்லாத மாடலுக்கு ஐஃபிக்ஸிட் தளத்தைப் பாருங்கள். மக்கள் எடுத்த படங்களோடு பிரித்துப்போடும் முறை இருக்கும். கையேட்டைப் பார்த்துக் கழற்றக் கற்றவர்கள் பிறகு எந்தப் புது மாடல் வந்தாலும் அஞ்ச மாட்டார்கள்.

பழைய கணினிகளைப் பற்றி இன்னொரு சொல். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. உங்கள் ஆறு கணினிகளில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாதவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. திருட்டு நகலைப் போட்டுப் பாடம் நடத்தாதீர்கள். நாம் போடுவதைப் பார்த்துத்தான் அவர்கள் நாளை வாடிக்கையாளரின் கணினியிலும் போடுவார்கள். லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். வென்டாய் என்ற இலவச நிரலால் ஒரே பென் டிரைவில் மின்ட், மெம்டெஸ்ட்86 பிளஸ், குளோன்சில்லா, சிஸ்டம் ரெஸ்கியூ நான்கையும் வைத்துக்கொள்ளலாம். ரேமைச் சோதிக்க, டிஸ்க்கைப் படியெடுக்க, அழிந்த கோப்பை மீட்க அந்த ஒரு பென் டிரைவ் போதும். படிப்பு முடியும்போது ஒவ்வொரு மாணவர் பையிலும் அப்படி ஒன்று இருக்க வேண்டும்.

எந்த இலவசப் பாடத்திலும் இல்லாத ஒரு பாடம் நம் குமரி மாவட்டத்தில் இருக்கிறது. குளச்சல், முட்டம், மணக்குடி பக்கத்துக் கடலோர வீடுகளிலிருந்து வரும் கணினிகளை நீங்கள் கையில் எடுத்திருப்பீர்கள். யூஎஸ்பி துளையின் தகடு துருவேறியிருக்கும். ரேமின் தங்கநிறக் கால்கள் மங்கியிருக்கும். போர்டில் செம்பு வெளியே தெரியும் இடத்தில் பச்சையாகப் பூத்திருக்கும். உப்புக் காற்று ஈரத்தோடு சேர்ந்து செய்யும் வேலை அது. அந்த போர்டை வகுப்பில் கையிலிருந்து கைக்குச் சுற்றவிடுங்கள். ஒரு பூதக்கண்ணாடியும் கூடப் போகட்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மென்மையான தூரிகையைத் தோய்த்துத் தேய்த்து, நன்றாக உலரவிட்டு, மறுபடி மாட்டி, கணினி உயிர் பெறுவதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். அதேபோல் மின்னல். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் நனைக்கும் ஊர் நம்முடையது. ஏப்ரல், மே மாதக் கோடை இடி வேறு. மின்னல் அடித்த மறுநாள் கடைக்கு வரும் கணினியில் எல்லாம் ஓடும், லேன் துளை மட்டும் செத்திருக்கும். அதிர்ச்சி மின்கம்பி வழியாக மட்டும் வருவதில்லை, வெளியிலிருந்து வரும் செம்பு கேபிள் வழியாகவும் வரும் என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் எங்கே இருக்கிறது? நீங்கள் வேலை பார்த்த கடையிலும் மற்ற கடைகளிலும் சொல்லி, வீசப்போகும் போர்டுகளை வாங்கி வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: எந்த ஊர், என்ன புகார், என்ன கண்டோம்.

எலக்ட்ரானிக்ஸ் பாடத்துக்கு மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தை முதலில் சொல்வேன். லினக்ஸ், ஆர்டுயினோ உள்ளிட்ட திறந்தமூல மென்பொருள்களுக்குச் சிறு சிறு பாடங்கள். பலவற்றுக்குத் தமிழ்க் குரலும் உண்டு. பாடத்தை ஒரு பக்கம் ஓடவிட்டு மறுபக்கம் மாணவர் தானே செய்து பார்க்கும்படி அமைத்திருக்கிறார்கள். அதற்கு அடுத்து கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் சிமுலேஷன்களில் மின்சுற்று கட்டும் பகுதி. மின்னோட்டம் புள்ளிகளாக ஓடுவதைப் பார்க்கும்போது பத்தாம் வகுப்பில் புரியாதது பலருக்குப் புரிந்துவிடும். ஃபால்ஸ்டாட் என்ற மின்சுற்று சிமுலேட்டர் பிரவுசரிலேயே ஓடும். கெப்பாசிட்டர் நிரம்புவதையும் வடிவதையும் காட்ட அதைவிட எளிதான வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஆங்கிலம் படிக்கத் தயங்காதவர் என்றால் டோனி குபால்ட் எழுதி இலவசமாக வெளியிட்ட மின்சுற்றுப் பாடங்களை நீங்கள் முழுவதும் வாசிக்க வேண்டும். அவர் தயாரித்த வினாத்தாள்கள் மாணவரை யோசிக்க வைப்பவை. எனக்குக் கேள்வி கேட்கக் கற்றுத்தந்தது அவைதான்.

ஆனால் சிமுலேட்டரில் எல்.இ.டி. தவறாகப் போனால் சுடாது, புகையாது. ஆகவே திரையில் பார்த்த அன்றே, பாகங்களைச் செருகி மின்சுற்று கட்டும் பலகையான பிரட்போர்டில் செய்ய வைத்துவிடுங்கள். 9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்.இ.டி., 470 ஓம் ரெசிஸ்டர். எல்.இ.டி. 2 வோல்ட் எடுத்துக்கொண்டால் மீதி 7 வோல்ட். அதை 470-ஆல் வகுத்தால் 15 மில்லியாம்பியருக்குச் சற்றுக் குறைவு. கணக்குப் போட்டுவிட்டு மீட்டரில் அளக்கட்டும். இரண்டு எண்ணும் அருகருகே வரும்போது அந்த முகங்களைப் பாருங்கள். பாடம் நடத்துவதன் மகிழ்ச்சி அந்த நிமிடத்தில் இருக்கிறது.

நெட்வொர்க்கிங்கிற்கு ஒரு ரவுட்டர்தான் இருக்கிறது என்று தயங்க வேண்டாம். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் இலவசக் கணக்குத் தொடங்கினால், நெட்வொர்க்கைத் திரையிலேயே கட்டிப் பார்க்கும் பாக்கெட் டிரேசர் என்ற நிரல் கிடைக்கும். அதைத் திறக்கவே கணக்கு வேண்டும் என்பதால், 18 பேருக்கும் கணக்குத் தொடங்கும் வேலையை இணையம் ஒழுங்காக இருக்கும் நாளில் முடித்துவிடுங்கள். முதல் பாடம் இதுவாக இருக்கட்டும்: இரண்டு கணினிகள், நடுவில் ஒரு ஸ்விட்ச். ஒன்றுக்கு 192.168.1.10, இன்னொன்றுக்கு 192.168.2.10, இரண்டிலும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொடர்பு இருக்கிறதா என்று சோதிக்கும் பிங் போகாது. கேபிள் சரி, விளக்கு பச்சை, ஏன் போகவில்லை? விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். அரை மணி நேரம் திணறட்டும். பிறகு இரண்டு முகவரிகளும் வேறு வேறு நெட்வொர்க்கைச் சேர்ந்தவை என்று சொல்லி, சிமுலேஷன் முறைக்கு மாற்றி, முகவரியையும் திருத்தி, பாக்கெட் ஒவ்வொரு அடியாகப் போவதைக் காட்டுங்கள். பிங்குக்கு முன்னால் ஏஆர்பி பாக்கெட் எல்லோரிடமும் போய் இந்த முகவரி யாருடையது என்று கேட்பதைப் பார்த்த மாணவர் அதை மறக்க மாட்டார். அடுத்து உங்கள் ரவுட்டரோடு இணைத்த ஒரு கணினியில், நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் நிரலைப் போட்டு, திரையில் பார்த்த அதே ஏஆர்பி உண்மையான கம்பியிலும் ஓடுவதைக் காட்டுங்கள். பிறர் நெட்வொர்க்கில் இதைச் செய்யக்கூடாது என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

கேபிளில் முனையை மாட்டும் கிரிம்பிங் மட்டும் திரையில் வராது. ஒரு பெட்டி ஆர்ஜே-45 முனைகளும் ஒரு டெஸ்டரும் நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள்; இதற்காவது வற்புறுத்துங்கள். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்ற வரிசையை எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். நீங்கள் ஒரு படி மேலே போய், பழுப்பு இணையை வேண்டுமென்றே வெட்டிவிட்டு ஒரு கேபிள் செய்யுங்கள். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு பின்கள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அந்தக் கேபிளில் இணைப்பு பெரும்பாலும் வந்துவிடும், வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகிவிடும். சில கருவிகளில் இணைப்பே வராமலும் போகும். "நெட் வருது, ஆனா ஸ்லோ" என்ற புகாரோடு வரும் வாடிக்கையாளருக்கு விடை பல சமயம் இங்கேதான் இருக்கிறது.

மழைநாளுக்குக் கிவிக்ஸ் என்ற நிரலை வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் விக்கிப்பீடியா, ஐஃபிக்ஸிட் கையேடுகள், பெட் சிமுலேஷன்கள் எல்லாவற்றையும் ஒரு முறை இறக்கி வைத்தால் இணையமே இல்லாமல் திறக்கலாம். ஒரு கணினியில் போட்டு உள் நெட்வொர்க்கில் மற்ற ஐந்துக்கும் பகிர்ந்துவிடுங்கள். அதைப் பகிர வைப்பதையே நெட்வொர்க்கிங் செய்முறையாக மாணவர்களிடம் கொடுக்கலாம்.

நகலெடுப்பது பற்றிக் கேட்டது எனக்கு மகிழ்ச்சி, கேட்பவர் குறைவு. இலவசமாகப் படிக்கக் கிடைப்பதெல்லாம் இலவசமாக அச்சிட்டுக் கொடுக்கத் தக்கது ஆகாது. பிறர் பயன்படுத்த ஆசிரியரே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு வருவதில் ஆசிரியர் பெயரைச் சொல்லிப் பயன்படுத்தலாம். ஆனால் வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு மட்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். ஐஃபிக்ஸிட்டும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் திறந்த பாடங்களும் அந்த நிபந்தனையோடு வருபவை. கட்டணம் வாங்கும் நிலையத்தில் அவற்றை அச்சிட்டுப் பாடநூலாகக் கொடுக்காதீர்கள். தளத்தையே திறந்து படிக்க வையுங்கள். நிமி புத்தகத்தையும் பக்கம் பக்கமாக நகலெடுக்க வேண்டாம். நூலகத்துக்கு இரண்டு பிரதிகள் வாங்கச் சொல்லுங்கள். நீங்கள் கையால் எழுதும் அரைப்பக்கப் பயிற்சித்தாளுக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். என் அனுபவத்தில் மாணவர்கள் பத்திரமாக வைத்திருப்பதும் அதைத்தான்.

மொழியைப் பற்றி. தமிழ்வழியில் படித்தவர்களுக்குக் கெப்பாசிட்டர் என்றால் புதுப்பொருளாகத் தோன்றும். பிளஸ் 2 இயற்பியலில் படித்த மின்தேக்கிதான் இது என்று சொல்லி கையில் ஒன்றைக் கொடுத்தால், "இதுதானா அது" என்று கேட்பார்கள். அந்தப் பாலத்தைப் போட்டுவிட்டு, பிறகு கடையில் புழங்கும் சொல்லையே பேசுங்கள். நாளை திருவனந்தபுரத்துக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போகும்போது போர்டில் அச்சிட்டிருக்கும் ஆங்கிலச் சொல்லை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். விளக்கம் முழுவதும் தமிழில் இருக்கட்டும். பாகங்களின் பெயரை இரண்டு விதமாகவும் கரும்பலகையில் எழுதுங்கள்.

கடைசியாக, நிலைக்க முடியுமா என்ற கேள்வி. தனியார் நிலையத்தில் உங்கள் கைத்திறனே சான்றிதழ். ஐடிஐ பயிற்றுநராக விரும்பினால் மத்திய அரசின் கைவினைப் பயிற்றுநர் பயிற்சித் திட்டம் இருக்கிறது; சுருக்கமாக சிஐடிஎஸ் என்பார்கள். தேசியத் திறன் பயிற்சி நிறுவனங்களில் ஓராண்டு படிப்பு. பெண்களுக்கான நிறுவனம் ஒன்று திருவனந்தபுரத்திலேயே, கழக்கூட்டத்தில் இருக்கிறது. கருங்கலிலிருந்து அதிக தூரமில்லை. எந்தப் பிரிவுகளில் இடம் தருகிறார்கள், டிப்ளமோவோடு சேரலாமா என்பதை அவ்வாண்டின் சேர்க்கை அறிவிப்பில் பாருங்கள். அதுவரை இந்தத் தொகுதி மாணவர்கள் எழுதும் பழுதுச் சீட்டுகளைக் கோப்பில் சேர்த்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதிலிருந்து பத்தை எனக்கு அனுப்பினால் படித்துப் பார்த்து எழுதுகிறேன்.